தவக்கால வெள்ளியில் தோமையாரின் மூன்று தலங்கள்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை சென்னையிலுள்ள சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் மூன்றையும் ஒரே நாளில் தரிசித்து வருவது எங்கள் குடும்பத்து வழக்கம். இயேசுவின் திருத்தூதர் தோமையார் ஒளிந்திருந்த குகை, குத்திக் கொல்லப்பட்ட மலை, அடக்கம் செய்யப்பட்ட மயிலாப்பூர்க் கடற்கரை என்று மரபு சொல்லும் வரிசையிலேயே போவோம். அவர் கி.பி. 72-ல் உயிர் விட்டதாகச் சொல்வார்கள். நான் கல்யாணமாகி வந்த வருடம் மாமியார் கூட்டிப்போனார். அவர் காலமான பிறகு நானும் என் நாத்தனாரும் போகிறோம். மைனிக்கு அறுபத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. இருந்தாலும் ஒரு வருடம்கூட விட்டதில்லை.

இந்த வருடம் என் கைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. மகளின் கல்யாண பயோடேட்டா. சாந்தோமில் திருத்தூதரின் கல்லறைமேல் அதை வைத்து வேண்டிக்கொண்டு, அப்புறம் தரகரிடமும் பங்கு அலுவலகத்திலும் கொடுப்பதாகத் திட்டம். பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற கோயில், படிப்பு, உயரம் என்று வரிசையாக இருக்கும். நான்காவது வரியில் "ஆர்.சி." (ரோமன் கத்தோலிக்கர்) என்று போட்டு, பக்கத்தில் ஒரு சிறு கோடு, அதற்குப் பக்கத்தில் எங்கள் சாதி. அந்தச் சாதியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எந்தச் சாதியாக இருந்தாலும் நான் செய்தது ஒன்றுதான்.

முதல் நாள் இரவு சைதாப்பேட்டையில் மைனி வீட்டில் தங்கினேன். காலை ஆறு மணிக்கெல்லாம் மறைமலையடிகள் பாலத்தைக் கடந்து சின்னமலைக்கு நடந்தோம். இந்த இடத்தில் அடையாற்றின் மேல் முதலில் பாலம் கட்டியவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1726-ல் தன் சொந்தப் பணத்தில் கட்டினார். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் உபயம்தான். பிற்காலத்தில் பழைய பாலம் போய்ப் புதுப்பாலம் வந்துவிட்டது. ஆனாலும் ஆற்றைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் ஞாபகம் வரும். ஆற்றில் வெள்ளம் வந்தால் திருயாத்திரைக்காரர்கள் கரையிலேயே நிற்க வேண்டியிருந்திருக்கும். யார் எவர் என்று பார்த்தா பாலம் விடும்?

சின்னமலையில் போர்ச்சுகீசியர் 1551-ல் கட்டிய சிறிய கோயிலை ஒட்டித்தான் குகை. தலையைக் குனிந்துதான் உள்ளே நுழைய முடியும். உள்ளே ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். துரத்தி வந்தவர்களிடமிருந்து தோமையார் அதன் வழியாகத்தான் தப்பித்துப் போனார் என்பது நம்பிக்கை. பாறையில் செதுக்கிய சிலுவை ஒன்றும் உண்டு. மைனி பாறையில் கையை வைத்து ரொம்ப நேரம் கண்மூடி நின்றார். நானும் நின்றேன். மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும், "நம்ம" இடமாக அமைய வேண்டும் என்று வேண்டினேன். அந்த "நம்ம" என்ற சொல் அப்போது எனக்கு உறுத்தவே இல்லை. ஊற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கிளம்பினோம்.

பரங்கிமலை அடிவாரத்துக்கு ஆட்டோவில் போனோம். மேலே வரை வண்டி போகும் பாதை இருக்கிறது, மைனி ஒப்புக்கொள்ளமாட்டார். படியேறித்தான் போக வேண்டும், வழியில் இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நின்று தியானிக்கும் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டே போக வேண்டும். சுமார் முந்நூறு அடி உயரம்தான் மலை. எங்கள் வேகத்தில் ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஐந்தாம் நிலை. சீரேனே ஊர் சீமோன் சிலுவை சுமக்க உதவுகிறார். அங்கே வாலிபப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு எவர்சில்வர் அண்டாவில் மோர் வைத்துக்கொண்டு ஏறி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பிள்ளை டம்ளரை நீட்டி, "ஆன்ட்டி, மோர் குடிங்க, வெயிலா இருக்கு" என்றாள்.

"இல்லம்மா, ஒருசந்தி" என்றேன்.

உண்மைதான், நோன்புதான். அன்று காலையிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் வாயில் படவில்லை. ஆனால் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்த அதே நொடியில் கால் நகரமாட்டேன் என்றுவிட்டது. அதே சொல்லை, அதே குரலில், போன வருடத் தவக்காலத்திலும் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறேன்.

அதைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் கூட வேலை பார்த்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள விரும்பினான். கத்தோலிக்கப் பெண். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். திருப்பாடல் பதிலுரையை அவள் பாடிக் கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு குரல். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். பெயரைக் கேட்டதுமே வீட்டுக்காரருக்கும் எனக்கும் எந்தத் தெருவாக இருக்கும் என்று தெரிந்துவிட்டது. மகன் கெஞ்சியதால் ஒரு நாள் பார்க்கப் போனோம். சின்ன வீடு, சுத்தமான வீடு. சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம், எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் அதே படம். அந்தப் பெண்ணின் அம்மா எங்களுக்காகப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அவர் எனக்குக் காபி கொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இன்னைக்கு ஒருசந்தி" என்றேன்.

காலையில் வீட்டில் இட்லி சாப்பிட்டுக் காபியும் குடித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். திருச்சபைச் சட்டப்படி திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான் கட்டாய ஒருசந்தி நாட்கள். மற்ற வெள்ளிகளில் இறைச்சியைத் தவிர்த்தால் போதும். இருபது வருடமாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள் நான். எனக்குத் தெரியாதா? அந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கி மறுபடி விரிந்தது. "சரிங்கம்மா, நல்லது" என்று டம்ளரைத் திரும்ப எடுத்துப் போனார்.

வீட்டுக்கு வந்து மகனிடம், "ஜெபம் பண்ணிப் பார்த்தேன்பா, மனசுல சமாதானம் வரல" என்றேன். சாதி என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவே இல்லை. அவன் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. மகன் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். சாப்பிட்டீங்களா, அப்பா எப்படி இருக்கார், வச்சிடறேன். அவ்வளவுதான் பேச்சு.

நான் ஜெபம் பண்ணவே இல்லை. அந்த விஷயத்தைக் கடவுள் முன்னால் வைக்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் என்ன சொல்வார் என்று தெரியும்.

மைனி ஆறாம் நிலைக்குப் போய் நின்று என்னைக் கூப்பிட்டார். "வெறும் வயித்துல தலை சுத்துதா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு ஏறினேன். மீதி நிலைகளில் என்ன ஜெபம் சொன்னேன் என்று தெரியாது.

உச்சியில் இருக்கும் கோயிலைப் போர்ச்சுகீசியர் 1523-ல் கட்டினார்கள். 1547-ல் அங்கே தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றிப் பஹ்லவி என்ற பழைய பாரசீக மொழியில் எழுத்து. அறிஞர்கள் ஆளுக்கு ஒரு விதமாக வாசித்திருக்கிறார்கள், முழுதாக ஒத்துப்போனதில்லை. வழக்கமாக நான் அந்த எழுத்தைப் பார்த்துப் பக்திப் பரவசப்படுவேன். அன்று வேறு மாதிரி இருந்தது. படிக்கத் தெரியாத அந்த எழுத்துக்கு முன்னால் இவ்வளவு வணக்கமாக முழங்கால் போடுகிறேன். "உன்மீது நீ அன்புகூர்வதுபோல் உனக்கு அடுத்திருப்பவர்மீதும் அன்புகூர்வாயாக" என்பதைப் பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற தமிழில் வாரா வாரம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவளும் நான்தான்.

யாக்கோபு விவிலியத்தில் உள்ள தன் திருமுகத்தில் இதைத்தான் போட்டு உடைக்கிறார். தொழுகைக் கூடத்துக்குள் பொன் மோதிரம் போட்டவர் ஒருவரும் அழுக்குத் துணி உடுத்திய ஏழை ஒருவரும் வந்தால் யாரை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஆள் பார்த்து நடந்தால் அது பாவம், சட்டமே உங்களைக் குற்றவாளி என்று சொல்லும் என்கிறார். அதற்கு அடுத்த வசனம்தான் எனக்கு எப்போதுமே கஷ்டமானது. சட்டம் முழுவதையும் கடைப்பிடித்து ஒன்றில் மட்டும் தவறினாலும் எல்லாவற்றையும் மீறிய குற்றத்துக்கு ஆளாகிறோம். இதை வகுப்பில் விளக்கும்போது பொய், திருட்டு என்றுதான் உதாரணம் சொல்வேன்.

கோயிலுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்தோம். கீழே மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986 பிப்ரவரி 5 அன்று சென்னைக்கு வந்தபோது இந்த மலைக்கும் வந்தார், சாந்தோமுக்கும் போனார். அப்போது நான் கல்லூரி மாணவி. ஊரிலிருந்து இரவு ரயிலேறி வந்து ரோட்டோரக் கூட்டத்தில் நின்று கையசைத்து அழுதிருக்கிறேன். அதே திருத்தந்தை 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களிடம், கிறிஸ்தவர்களுக்குள் சாதி வேறுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று கண்டித்துப் பேசினார். அதற்கு முன்பே, 1982-ல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதி மனப்பான்மை கிறிஸ்தவத்தையே மறுப்பது என்று சொல்லிவிட்டது. அதே திருச்சியில் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரிக்கும் ஒரு சுவர். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயங்கள் இல்லை.

என்னோடு பள்ளியில் வேலை பார்த்த சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை) டீச்சர் ஒருவர் ஒரு முறை சொன்னார், அவர்கள் பக்கத்துக் கதை இன்னும் பழையது என்று. 1833-ல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசத்தை உடனே, முழுதாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பல குடும்பங்கள் கோயிலை விட்டாலும் விடுவோம், சாதியை விடமாட்டோம் என்று விலகிப் போனார்கள். கேட்டபோது, பாவம் அந்தக் காலத்து ஜனங்கள் என்று நினைத்தேன். அவர்களாவது வெளிப்படையாக எழுந்து போனார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து நற்கருணை வாங்கிக்கொண்டே இருக்கிறேன்.

மைனியிடம் சொல்லிவிட்டேன், அந்தக் காபி விஷயத்தை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு அன்னிக்கே தெரியும். நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்" என்றார். சமாதானப்படுத்தத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் பாரமாக ஏறியது.

சாந்தோம் போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. இப்போது இருக்கும் வெள்ளைக் கோயில் 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது, 1956-ல் பசிலிக்கா ஆனது. கல்லறைச் சிற்றாலயத்துக்குப் படியிறங்கிப் போக வேண்டும். உள்ளே கடலோரப் புழுக்கம் தெரியாது, குளிர்ச்சியாக, அமைதியாக இருக்கும். நாலைந்து பேர் முழங்காலில் இருந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் பையைத் திறந்து பயோடேட்டாவை எடுத்தேன்.

அப்போதுதான் மத்தேயு இருபத்துமூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. இயேசு "வெளிவேடக்காரரே" என்று திரும்பத் திரும்பச் சாடுகிற அதிகாரம். அதில் வெள்ளையடித்த கல்லறை என்று சொல்வதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு இரண்டு வசனம் தள்ளி இன்னொன்று இருக்கிறது. இறைவாக்கினர்களின் கல்லறைகளைக் கட்டுகிறீர்கள், நேர்மையாளரின் நினைவிடங்களை அழகுபடுத்துகிறீர்கள், எங்கள் மூதாதையர் காலத்தில் இருந்திருந்தால் நாங்கள் அவர்களைக் கொன்றிருக்கமாட்டோம் என்று வேறு சொல்லிக்கொள்கிறீர்கள் என்கிறார். ஒரு திருத்தூதரின் கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த வசனத்தை நினைப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக இந்தக் கல்லறைக்குப் பூ வைத்திருக்கிறேன். தோமையார் யூதர். கடல் தாண்டி வந்து, முன்பின் தெரியாத மக்களோடு உட்கார்ந்து, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டுத்தானே நற்செய்தி சொல்லியிருப்பார்? யாராவது நீட்டிய குவளையை அவர் ஒருசந்தி என்று சொல்லித் தள்ளியிருப்பாரா?

காகிதத்தை வைக்காமல் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

மேலே கோயிலில் குருக்கள் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றேன். இந்த ஒரு வருடத்தில் எத்தனையோ தடவை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். கோபப்பட்டேன், ஜெபமாலையில் பராக்குப் பார்த்தேன், டி.வி. பார்த்து நேரத்தை வீணாக்கினேன். இதைச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். சாதி என்ற சொல்லையும் சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஃபாதர் இளவயதுக்காரர், குரலிலேயே தெரிந்தது. அவர் அந்தியோக்கியாவைப் பற்றிக் கேட்டார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். பேதுரு பிற இனத்தாரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்துபோய் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னாலும் அவரைக் கண்டித்தார். அதை வெளிவேடம் என்றே பவுல் எழுதுகிறார்.

"பேதுரு யாருக்கும்மா பயந்தாரு?" என்று கேட்டார் ஃபாதர்.

"சொந்தக்காரங்களுக்கு" என்றேன்.

"அந்தப் பொண்ணோட அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க ஃபாதர்."

"நான் ஒரு அருள்நிறை மரியே மட்டும் பரிகாரமா குடுக்கறேன். அதை இங்கயே சொல்லிருங்க. அந்தம்மா வீட்டுக்குப் போறது பரிகாரம் இல்ல, அது நீங்க அவங்களுக்குத் தர வேண்டிய கடன். பீடத்துல காணிக்கை வைக்கிறதுக்கு முன்னால போய் சமாதானமாகச் சொன்னது நான் இல்ல, ஆண்டவர்."

வீட்டுக்கு வந்து மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் ஏன் பேசுவதில்லை என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பயோடேட்டாவில் அந்தக் கோட்டையும் சாதியையும் பேனாவால் அடித்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார். "நீ அடிச்சுட்டா தரகர் கேக்காம விட்டுடுவாரா? நம்ம ஜனம் என்ன பேசும்னு யோசிச்சியா?" என்றார். அன்று இரவு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். இன்னும் முடியவில்லை. அவர் வேறு ஒரு பிரதியை எடுத்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு மகன் போன் பண்ணியபோது, ஜெபம் பண்ணினேன் என்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். "தெரியும்மா" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தம் இல்லை. "இப்ப சொல்லி என்னம்மா?" என்றான். பதில் இல்லை என்னிடம்.

அடுத்த வெள்ளிக்கிழமை செங்கல்பட்டுக்கு ரயிலேறினேன். மைனி வருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். அங்கிருந்து பஸ் பிடித்து, அந்தத் தெருவுக்கு நடந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் ஒரு நிமிடம் அடையாளம் தெரியாமல் நின்று, பிறகு "வாங்கம்மா" என்றார். குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. உட்காரச் சொன்னார். மகள் நன்றாக இருக்கிறாள் என்று நான் கேட்காமலே சொன்னார்.

சொல்ல வேண்டியதையெல்லாம் ரயிலில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அன்று நான் ஒருசந்தி இல்லை, பொய் சொன்னேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்ற அளவுக்குத்தான் வாயில் வந்தது. அவர் கேட்டுக்கொண்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுப்படிப் பக்கம் இரண்டு அடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கும் வெள்ளிக்கிழமைதான். ஒருசந்தியாம்மா?"

"இல்லைங்க" என்றேன்.

"பாலு இல்ல. கடுங்காப்பிதான் போடணும்."

"அதுவே குடுங்க" என்றேன்.